கேட் புஷ்ஷின் 'தி ட்ரீமிங்': ஏன் அப்படி ஒரு ஆல்பம்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டை ஒரு தொலைக்காட்சித் தொடரில் கேட்டுப் பிடித்துப்போய், அது இடம்பெற்ற 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தை முழுதாகக் கேட்டீர்கள். அதுவும் பிடித்தது. சரி, அதற்கு முந்தையது என்ன என்று பார்த்து 1982-இல் வந்த 'தி ட்ரீமிங்' ஆல்பத்தைப் போட்டால் கத்தல், முரட்டு டிரம்ஸ், கடைசியில் கழுதைக் குரல். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பாப் பாடகி ஏன் இப்படி ஒன்றைச் செய்தார், அது தோல்விதானா, இதை எப்படிக் கேட்பது என்று கேட்கிறீர்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமான ஆல்பம் இது. முதல் தடவை கேட்டபோது எனக்கும் பாதியில் நிறுத்தத் தோன்றியது. அதனால் உங்கள் எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கேட் புஷ் புகழைத் தூக்கி எறிய நினைத்து இதைச் செய்யவில்லை. 24 வயதுக்குள் அவருக்கு இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்துக் கைக்கு வந்தன. ஒன்று, தன் ஆல்பத்தைத் தானே தயாரிக்கும் உரிமை. இன்னொன்று, எந்த ஓசையையும் இசையாக்கும் ஒரு கருவி. இரண்டும் சேர்ந்தபோது என்ன ஆனது என்பதன் பதிவுதான் 'தி ட்ரீமிங்'.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1978-இல் 'வுதரிங் ஹைட்ஸ்' வெளியாகி பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தபோது அவருக்கு வயது 19. தானே எழுதிய பாட்டோடு ஒரு பெண் அந்த நாட்டில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. ஆனால் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆண்ட்ரூ பவல். வாசித்தவர்களில் பெரும்பாலோர் இசைக் கம்பெனியான ஈஎம்ஐ ஏற்பாடு செய்த ஸ்டுடியோக் கலைஞர்கள். கேட் அதுவரை சேர்ந்து வாசித்துவந்த சொந்தக் குழுவுக்கு அதில் பெரிய இடம் கிடைக்கவில்லை. அந்த ஆல்பம் பிப்ரவரியில் வந்தது. அதே வருடம் நவம்பரில் இரண்டாவது ஆல்பம் வேண்டும் என்று ஈஎம்ஐ அவசரப்படுத்தியது. சிறுவயதிலிருந்து சேர்த்துவைத்த பாட்டுகளை வைத்து முதல் ஆல்பம் செய்த ஒருவருக்கு, இரண்டாவதற்குக் கிடைத்தது சில மாதங்கள். அந்த அவசரம் அவருக்குக் கசந்தது. 'இனி என் வேகத்தில்தான்' என்ற பிடிவாதம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது ஆல்பமான 'நெவர் ஃபார் எவர்' 1980-இல் வந்தது. அதை ஜான் கெல்லியுடன் சேர்ந்து தயாரித்தார். பிரிட்டிஷ் ஆல்பம் வரிசையில் அது முதலிடம் பிடித்தது. ஒரு பிரிட்டிஷ் பெண் பாடகியின் ஸ்டுடியோ ஆல்பம் அந்த இடத்தைப் பிடித்ததும் அதுவே முதல் முறை. அந்த வெற்றிதான் அடுத்த ஆல்பத்தைத் தனியாளாகத் தயாரிக்க வழிவிட்டது. முதலிடத்தில் இருக்கிறவரிடம் 'உனக்குத் தெரியாது' என்று கம்பெனி எப்படிச் சொல்லும்?

இப்போது கருவி. 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் 'ஃபேர்லைட்' என்ற கணினி இசைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியில் கேட்கும் ஓர் ஓசையை மைக்கில் பதிந்து கணினியில் சேமித்தால், அதை ஒரு கீபோர்டில் எல்லாச் சுரங்களிலும் வாசிக்கலாம். நாய் குரைப்பு, கதவு சாத்துவது, கண்ணாடி உடைவது என்று எதுவும் ஒரு வாத்தியம் ஆகிவிடும். இன்று கைப்பேசியில் செய்கிற வேலைதான். அன்றைக்கு அது ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிடத்தக்க செலவு. ஒரு பச்சைத் திரை, அதில் கோடு வரைய ஒளிப் பேனா, எட்டு அங்குல வட்டுகள். பதிய முடிந்தது ஒரு நொடி அளவுதான், அதுவும் 8 பிட் தரத்தில். அந்தக் கரடுமுரடான தரம் ஒலிக்கு ஒரு மூடுபனித் தன்மையைக் கொடுத்தது. இன்றும் அந்த ஒலியை விரும்பித் தேடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் அதை முதலில் பிடித்துக்கொண்டவர் பாடகர் பீட்டர் கேப்ரியல். அவருடைய மூன்றாவது ஆல்பத்தில் பின்குரல் பாடப் போனபோதுதான் கேட் அந்தக் கருவியைப் பார்த்தார். அங்கே இன்னொன்றும் அவர் காதில் விழுந்தது: டிரம்ஸின் ஒலி. அந்த ஆல்பத்தில் கேப்ரியல் டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்களை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பில் காலின்ஸ் வாசிக்க, ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம் ஒரு புது உத்தியைக் கண்டுபிடித்தார். ஒரு அடி விழுந்தால் அதன் எதிரொலி குகைக்குள் போல எழும்பும், ஆனால் தேய்ந்து மறைவதற்குள் கத்தரித்தது போல நின்றுவிடும். 1980-களின் பாப் டிரம்ஸ் ஒலி முழுக்க அதிலிருந்து வந்ததுதான். கேட் தன் நான்காவது ஆல்பத்தைத் தொடங்கியபோது அதே ஸ்டுடியோவுக்குப் போனார், அதே பேட்ஜத்தைக் கூப்பிட்டார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாப் நட்சத்திரங்கள் பாதை மாறும்போது பெரும்பாலும் புதுப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொள்வார்கள். டேவிட் போவி 1977-இல் 'லோ' செய்தபோது பிரையன் ஈனோ இருந்தார். மடோனா 1998-இல் 'ரே ஆஃப் லைட்' செய்தபோது வில்லியம் ஆர்பிட் இருந்தார். அது தவறில்லை, இரண்டும் அருமையான ஆல்பங்கள். ஆனால் கேட் புஷ் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இருந்த தயாரிப்பாளரையும் விலக்கிவிட்டு, ஒலிப்பதிவாளர்களை மட்டும் ஒருவர் பின் ஒருவராக மாற்றிக்கொண்டே போனார். பேட்ஜத்துக்கு வேறு வேலைகள் இருந்ததால் நிக் லானே வந்தார். அவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் முரட்டு ஆல்பம் ஒன்றை முடித்திருந்தவர். பிறகு ஹேடன் பெண்டல், பால் ஹார்டிமன். டவுன்ஹவுஸ், அபே ரோடு, ஒடிசி, அட்விஷன் என்று ஸ்டுடியோக்களும் மாறின. வேலை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. இந்த ஆல்பம் ஏன் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்றால், 'போதும், நிறுத்து' என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். அதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. அவர் எவ்வளவு தூரம் போவார் என்பது அப்படித்தானே தெரிய வந்தது.

முதல் பாட்டு 'சாட் இன் யுவர் லாப்' எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் மாற்றம் தெளிவாகும். அதுவரை அவர் பியானோ முன் உட்கார்ந்துதான் பாட்டு எழுதுவார். ஸ்டீவி வொண்டரின் கச்சேரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், ரிதம் மெஷினை ஓடவிட்டு அதன்மேல் இதை எழுதினார். அதாவது மெட்டுக்கு முன் தாளம் வந்துவிட்டது. கேட்டுப் பாருங்கள்: டாம் டிரம்களின் இடி, அதன் நடுவே காற்றைக் கிழிக்கும் மூங்கில் கழிகளின் 'விஷ்' சத்தம், ஃபேர்லைட்டிலிருந்து வரும் எக்காளங்கள். அறிவு வேண்டும், ஆனால் அதற்காக உழைக்க மாட்டேன் என்று தவிக்கும் ஒருவரைப் பற்றிய பாட்டு. அந்தத் தவிப்பு வரிகளைவிட டிரம்ஸில்தான் அதிகம் இருக்கிறது. 1981-இல் தனிப்பாட்டாக வந்து 11-ஆம் இடம் வரை போனது. அதைக் கேட்டு ஆல்பமும் ஓடும் என்று கம்பெனி நினைத்திருந்தால் தப்பில்லை.

குரல் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 'வுதரிங் ஹைட்ஸ்' அவரை அந்த உச்சக் குரலோடு கட்டிப்போட்டுவிட்டது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் அவரைப் போல வேடமிட்டுக் கேலி செய்தார்கள். 'தி ட்ரீமிங்' ஆல்பத்தில் அவர் அந்தக் குரலை உடைக்கிறார். அடித்தொண்டையில் உறுமுகிறார், கரகரக்கிறார், லண்டன் கிழக்குப் பகுதித் திருடன் போலப் பேசுகிறார். 'ஹவுடினி' பாட்டுக்குக் குரல் கட்டிப்போனது போல ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சாக்லேட் தின்று பால் குடித்துவிட்டுப் பாடினார். பாடகர்கள் பாட்டுக்கு முன் எதைத் தொடமாட்டார்களோ அதையே தேடித் தொட்டிருக்கிறார். இறந்துபோன மந்திரவாதிக் கணவனோடு ஆவி அமர்வில் பேச முயலும் மனைவி, அந்த இடத்தில் இனிமையாக எப்படிப் பாடுவாள்?

அதே பாட்டில் அந்தக் கரகரப்புக்கு இடையே குரல் இறங்கி, மிக மென்மையாக, ஒரு ரகசியம் சொல்வது போல வரும் பகுதிகள் உண்டு. ஜெர்மன் பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வேபரின் வாசிப்பு அடியில் வழிந்துகொண்டிருக்கும். ஹவுடினியின் மனைவி பெஸ், மேடையில் கணவனுக்கு முத்தம் கொடுக்கும் சாக்கில் வாய்க்குள்ளிருந்த சாவியை அவன் வாய்க்கு மாற்றிவிடுவாள் என்பது அந்தப் பாட்டின் கதை. ஆல்பத்தின் அட்டைப் படத்தில் கேட்டின் நாவில் மின்னுவது அந்தச் சாவிதான்.

இந்த ஆல்பத்தைக் கேட்க என்னிடம் இருக்கும் ஒரே வழி இதுதான். ஒவ்வொரு பாட்டிலும் 'இப்போது பேசுவது யார்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டில் அநேகமாக ஒவ்வொன்றிலும் பேசுவது வேறொரு ஆள். அது தெரிந்துவிட்டால் சத்தம் சத்தமாக இருக்காது. 'புல் அவுட் தி பின்' பாட்டில் பேசுவது வியட்நாம் காட்டில் அமெரிக்கச் சிப்பாயைக் கொல்லப் பதுங்கியிருக்கும் வியட்நாமியப் போராளி. ஓர் ஆவணப்படம் பார்த்து எழுதியது. சாவு நெருங்கும்போது சின்ன வெள்ளிப் புத்தரை வாயில் வைத்துக்கொள்வார்கள் என்ற தகவல் அவரை உலுக்கியிருக்கிறது. டேனி தாம்ப்சனின் டபுள் பாஸ் புதருக்குள் நகரும் கால்கள் போல இருக்கும். பூச்சிச் சத்தம், ஹெலிகாப்டர், அப்புறம் திடீரென்று 'உயிர் வாழ்வதை நேசிக்கிறேன்' என்ற பொருளில் ஓர் அலறல். பின்குரலில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் இருக்கிறார். பள்ளிப் பருவத்திலேயே கேட்டின் திறமையைக் கண்டுபிடித்து உதவியவர் அவர்தான். அந்த அலறலைத் தனியாகக் கேட்டால் காது வலிக்கும். காட்டில் பதுங்கியிருக்கும் ஆளோடு சேர்த்துக் கேட்டால் நெஞ்சு வலிக்கும்.

'நைட் ஆஃப் தி ஸ்வாலோ' பாட்டில் இரண்டு பேர். சட்டவிரோதமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு இரவில் விமானம் ஓட்டப்போகும் ஒருவன், போகாதே என்று தடுக்கும் பெண். அவள் பேசும்போது பியானோ தரையில் இருக்கிறது. அவன் பேசும்போது ஐரிஷ் வாத்தியங்கள் எழும்பிப் பறக்கின்றன. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் ஐரிஷ் பைப்பை லியம் ஓ'ஃபிளின் வாசித்தார், ஷான் கீன் வயலின், டோனல் லன்னி புசூக்கி என்ற தந்தி வாத்தியம். இதற்கென்று டப்ளின் போய்ப் பதிவு செய்தார்கள். இசைக்கோப்பு பில் வீலன், பின்னாளில் 'ரிவர்டான்ஸ்' என்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சிக்கு இசையமைத்தவர். தாய்வழியில் அயர்லாந்து ரத்தம் கேட் புஷ்ஷுக்கு உண்டு, அது இந்தப் பாட்டில் முழு வேகத்தோடு வெளியே வருகிறது. ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்று நீங்கள் சொன்னால், நான் இதைத்தான் தருவேன்.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலத்தை யுரேனியத்துக்காகத் தோண்டி அழிப்பதைப் பற்றிய பாட்டு அது. விஷயம் கனமானது, டிட்ஜெரிடூ என்ற பழங்குடிக் குழலின் அடிநாதம் பயங்கரமாக நன்றாக இருக்கிறது, விலங்குக் குரல்களுக்கென்றே பெர்சி எட்வர்ட்ஸை அழைத்திருக்கிறார்கள். ஆனால் கேட் அதில் போட்டுக்கொண்ட ஆஸ்திரேலிய உச்சரிப்பு எனக்கு வேடமாகவே கேட்கிறது. அதைத் தனிப்பாட்டாக வெளியிட்டார்கள், 48-ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து வெளியிட்டது, வங்கிக் கொள்ளையில் சொதப்பும் திருடர்களைப் பற்றிய 'தேர் கோஸ் எ டென்னர்'. அது முதல் 75 இடங்களுக்குள்கூட வரவில்லை. 'சஸ்பெண்டட் இன் கேஃபா' என்ற பாட்டு மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் துள்ளிக்கொண்டு, முதல் தடவையே மனதில் ஒட்டிக்கொள்ளும்படி இருந்தும், பிரிட்டனில் அதைத் தனிப்பாட்டாக விடவில்லை. எனக்கு இன்றுவரை புரியாத முடிவு.

தோல்வியா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆல்பம் 1982 செப்டம்பரில் வந்து பிரிட்டனில் 3-ஆம் இடம் பிடித்தது. சாதாரணமாக இது தோல்வி இல்லை. ஆனால் முந்தையது முதலிடம், தனிப்பாட்டுகள் விழுந்துவிட்டன, செலவு எகிறியிருந்தது. கம்பெனி கவலைப்பட்டது. விமர்சகர்கள் பிரிந்து நின்றார்கள். பல வருடம் கழித்து கேட் புஷ்ஷே இதை 'அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' ஆல்பம் என்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் மற்றவர்கள் தன்னைப் பார்த்தார்கள் என்று. ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பில்போர்டின் முதல் 200 ஆல்பங்களுக்குள் அவர் பெயர் முதன்முதலில் வந்தது இந்த ஆல்பத்தால்தான், 157-ஆம் இடத்தில். 'வுதரிங் ஹைட்ஸ்' அனுப்ப முடியாத இடத்துக்கு, இவ்வளவு கடினமான ஆல்பம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அவரைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாதவர்கள் கேட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் பிடித்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' இதன் நேரடி விளைவு. ஒரு வருடத்துக்கு மேல் வாடகை ஸ்டுடியோக்களில் மணிக்கணக்குப் பார்த்து உழைத்ததில் கேட் களைத்துப்போனார், ஓய்வு தேவைப்பட்டது. அப்புறம் அவர் எடுத்த முடிவு, 1983-இல் குடும்பப் பண்ணை வீட்டில் சொந்தமாக ஸ்டுடியோ கட்டுவது. கடிகாரம் பார்க்காமல் வேலை செய்ய ஓர் இடம். 'தி ட்ரீமிங்' ஆல்பத்தில் ஃபேர்லைட்டைக் கற்றுக்கொண்டார். 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டின் தொடக்கத்தில் அழுவது போல வரும் அந்த இசைத்துண்டு அதே ஃபேர்லைட்தான், இந்தத் தடவை மூச்சுவிட இடம் கொடுத்து. 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தின் இரண்டாவது பக்கத்தில் கடலில் தனியாக மிதக்கும் பெண்ணின் கதை வருகிறதே, அதில் சூனியக்காரி விசாரணைப் பாட்டின் உடைந்த குரல்கள் எல்லாம் 'தி ட்ரீமிங்' ஆல்பத்தில் பழகியவை. 'ஜிக் ஆஃப் லைஃப்' பாட்டில் ஐரிஷ் கலைஞர்கள் மறுபடி வருகிறார்கள், பில் வீலனும்.

இன்னொரு விளைவும் உண்டு, சோகமானது. 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'எ டீல் வித் காட்'. தலைப்பில் கடவுள் என்ற சொல் இருந்தால் பல நாடுகளில் வானொலிகள் ஒலிபரப்பாது என்று கம்பெனி பயந்தது. 'தி ட்ரீமிங்' தனிப்பாட்டுகள் விழுந்த பிறகு இன்னொரு தடவை விஷப்பரீட்சை வேண்டாம் என்று கேட் விட்டுக்கொடுத்தார். அவர் வருந்திய சில சமரசங்களில் அது ஒன்று. பாட்டு 1985-இல் 3-ஆம் இடம், 37 வருடம் கழித்து 2022-இல் முதலிடம்.

எங்கிருந்து தொடங்குவது? ஆல்பத்தின் வரிசையில் போகாதீர்கள். முதலில் 'நைட் ஆஃப் தி ஸ்வாலோ', அடுத்து 'சஸ்பெண்டட் இன் கேஃபா'. பிறகு 'ஆல் தி லவ்'. அதன் முடிவில் நண்பர்கள் தொலைபேசிப் பதில் இயந்திரத்தில் விட்டுச்சென்ற விடைபெறும் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வார்த்தை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் 'ஹவுடினி'. இவை நான்கும் பழகிய பிறகு முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கேளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட கழுதை கடைசிப் பாட்டான 'கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்' பாட்டில் வருகிறது. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவலைப் படித்த பாதிப்பில் எழுதியது. காயப்பட்ட ஒரு பெண் தன்னையே ஒரு வீடாக்கிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள். வெளியே நிற்பவன் காற்றாக மாறி உள்ளே வரப் பார்க்கிறான், அவள் கோவேறு கழுதையாக மாறிவிடுகிறாள். பிடிவாதத்தின் கடைசி வடிவம். கேட் புஷ்ஷும் ஒலிப்பதிவாளர் ஹார்டிமனும் சேர்ந்து கனைக்கிறார்கள். அதன்பின் ஒரு நொடி கவனமாகக் கேளுங்கள்: எஸ்மாயில் ஷேக் என்ற கலைஞர் வாயால் தாளச்சொற்களைப் பொழிவார், நம் கொன்னக்கோல் போலவே. அட்டையில் அதற்கு 'டிரம் டாக்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். சொல்லால் பேச முடியாத இடத்துக்கு வந்த பாட்டு, ஜதியாகப் பேசிவிட்டு முடிகிறது.

ஹெட்ஃபோனில் மெதுவாக வைத்துக் கேட்டிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். இந்த ஆல்பத்தைச் சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும் என்று கேட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்.